தலையில் மாட்டிய திரையோடு மூன்று வருடம்

நடு முதுகில், நான்காவது ஐந்தாவது மார்பு முள்ளெலும்புகளில், பெடிக்கிள் என்கிற எலும்புப் பாலம் சிலருக்கு 5 மில்லிமீட்டர் அகலம்கூடத் தேறாது. அதற்குள்தான் 4.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இறங்க வேண்டும். உள்பக்கம் சறுக்கினால் தண்டுவடம். முன்னால் தாண்டினால் மகாதமனி. ஏ.ஆர். ஹெட்செட் (ஸ்கேன் படத்தைக் கண்முன்னே காட்டும், தலையில் மாட்டும் திரை) வேண்டும் என்று நிர்வாகத்திடம் நான் மன்றாடியது இந்த எலும்புக்காகத்தான், இடுப்புக்காக அல்ல.

கருவி எலும்புக்குள் எங்கே போகிறது என்று ஸ்கேன் படத்தில் காட்டும் நேவிகேஷன் முன்பே இருந்தது. ஆனால் படம் மேஜையின் கால்மாட்டில் இருக்கும் மானிட்டரில் வரும். கை காயத்தில், கண் அங்கே. ஹெட்செட்டில் அந்த சி.டி. படம் திறந்த முதுகின் மேலேயே வந்து உட்காருகிறது. தலையைத் திருப்பவே வேண்டாம். ஆக்மெடிக்ஸ் கம்பெனியின் எக்ஸ்விஷன் ஹெட்செட்டுக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ.வின் அனுமதி 2019 டிசம்பரில் வந்தது; 2020 ஜூனில் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதை வைத்து ஒரு நோயாளிக்கு ஆறு ஸ்க்ரூ போட்டார்கள். நான் மாட்டுவது எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் நேரம் மிச்சமாகவில்லை, கூடத்தான் ஆனது. தியேட்டர் விளக்கு நேராக அடித்தால் படம் வெளுத்துவிடும். உதவியாளர் ஆர்வமாகக் குனிந்தால் கேமராவுக்கு மார்க்கர் (எலும்பு எங்கே இருக்கிறது என்று கருவிக்குக் காட்ட, கிளாம்பில் பொருத்திய அடையாளம்) மறையும், படம் உறையும். மார்க்கரில் ரத்தம் தெறித்தாலும் அதே கதை. இதெல்லாம் தொல்லைதான், ஆபத்தில்லை. கோளாறு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதே.

ஆபத்து படம் அழகாகத் தெரியும்போதுதான். எலும்பு மெலிந்த ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். மார்க்கரைத் தாங்கும் கிளாம்பை யாருடைய முழங்கையோ லேசாக இடித்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. படம் இடம் மாறியிருந்தும் துளி நடுக்கமில்லாமல் மிதந்தது. ஸ்க்ரூவுக்காகப் போட்ட துளைக்குள் ஃபீலரை, அதாவது சுவரைத் தட்டிப் பார்க்கும் மெல்லிய கம்பியை, விட்டேன்: உள்சுவரில் எலும்பு தட்டவில்லை, மெத்தென்றிருந்தது. உடனே நிறுத்தி, சி-ஆர்ம் என்கிற தியேட்டர் எக்ஸ்-ரே கருவியில் பார்த்து, மறுபடி சி.டி. எடுத்தோம். நல்லவேளை, ஸ்க்ரூ இறங்கியிருக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கு முன்னும் கருவி முனையைத் தெரிந்த எலும்பு மேட்டில் வைப்பேன். படமும் அதே இடத்தைக் காட்டினால்தான் அடுத்த வேலை.

கோணல் முதுகு, ஏற்கெனவே திறந்து அடையாளமெல்லாம் அழிந்த முதுகு: இரண்டுக்கும் இனி ஹெட்செட் இல்லாமல் போக மாட்டேன். சாதாரண எல்4–எல்5 (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்பு) கேஸுக்கு சி-ஆர்ம் தாராளம். அதற்கும் இதை மாட்டிக்கொண்டு நிற்பது விளம்பரத்துக்குத்தான், சி.டி.யின் கதிர்வீச்சு நோயாளி கணக்கில் ஏறும்.

எங்கள் ஜூனியர்கள் ஹெட்செட் வந்த பிறகு சேர்ந்தவர்கள். கண் கூர்மை, விரல் மந்தம். அதனால் இடுப்பு கேஸ்களில் முதலில் ஹெட்செட் இல்லாமல் துளை போட்டு ஃபீலர் விடச் சொல்கிறேன். ஐந்து சுவரும் தட்டுகிறதா என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் படத்துக்கு அனுமதி. முனகுகிறார்கள்.