இரவு மெயில் டிக்கெட்டில் யாருடைய ஐசி (அடையாள அட்டை) இலக்கம் என்று பாருங்கள்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு ரயிலில் 'சீட் பிடித்துத் தாறம்' என்று சொல்லும் கடைகளிடம் கவனமாக இருங்கள்.

அம்மாவுக்குக் கொழும்பில் கண் கிளினிக். ஸ்டேசனில் ஆசனம் முடிந்துவிட்டது என்றார்கள். டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் (போன், போட்டோகொப்பி எடுக்கும் இடம்) விசாரித்தபோது, "இருக்கு அண்ணா, ஐசியைத் தாங்கோ" என்று இருவருடைய அட்டையையும் முன்னும் பின்னும் போனில் படம் எடுத்தார்கள். விலை இரண்டு மடங்கு. பின்னேரம் டிக்கெட் கைக்கு வந்தது.

ரயிலடியில் பரிசோதகர், டிக்கெட்டில் பதிந்திருக்கும் இலக்கத்தோடு ஒப்பிட ஐசி கேட்டார். அம்மாவுடையது பழைய அட்டை. ஒன்பது இலக்கமும் கடைசியில் வி எழுத்தும். டிக்கெட்டிலோ பன்னிரண்டு இலக்கம். மனுசன் ஒரு தரம்தான் பார்த்தார். "அம்மா, இது 1991இல பிறந்த ஆம்பிளையின்ர நம்பர்." என்னுடையதும் வேறு யாருடையதோதான்.

அவருக்கு எப்படித் தெரிந்தது? புதிய இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பழைய அட்டையில் முதல் இரண்டும் ஆண்டு, மிச்சக் கணக்கு அதேதான். டிக்கெட்டை வாங்கும்போதே இதைப் பார்த்தால் கடையிலேயே பிடித்துவிடலாம். கடவுச்சீட்டு இலக்கத்தில் பதிந்திருந்தால் அதைத்தான் கொண்டுபோக வேண்டும், ஐசி உதவாது.

அப்புறம் என்ன, மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து ஏறினோம். அம்மா பையின் மேல் குந்தியிருந்தார். கல்ஓயாச் சந்தி தாண்டித்தான் ஒரு பிள்ளை எழும்பி இடம் கொடுத்தது.

திரும்பி வந்து கேட்டால், "டிக்கெட் தந்தது நாங்கள், ஏத்துறது ரயில்வேக்காரர்" என்கிறான் கடைக்காரன். காசு தரவில்லை. கையில் சிக்கிய இலக்கங்களைப் போட்டு முன்கூட்டியே ஆசனம் பிடித்து, வருகிறவர் தலையில் கட்டுகிறார்கள் என்றே நினைக்கிறேன். அப்படியென்றால் அம்மாவின் இலக்கத்தில் அடுத்து யார் போகப் போகிறார்களோ? காசை விட எனக்கு அதுதான் கவலை.

படத்தை அழிக்கச் சொன்னேன். "அழிச்சாச்சு" என்றான், போனைக் காட்டவில்லை. பொலிஸில் முறைப்பாடு போட்டு, பிரதியை வாங்கி வைத்திருக்கிறேன். இப்படி எங்காவது ஐசிப் படம் கொடுத்து ஏமாந்தவர்கள் நீங்களும் ஒரு முறைப்பாடு போட்டு வையுங்கள்.