துருப்பிடித்த பின்பக்க சஸ்பென்ஷன் போல்ட்: சூடாக்குவதா, அறுப்பதா?

பழைய காரின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) போல்ட், துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்தும் அசையவில்லையா? அப்புறம் பெரும்பாலும் இரண்டு வழிதான்: சூடாக்குவது, அறுப்பது.

செலவு: கேஸ் டார்ச்சின் தீயில் நட்டைச் சூடாக்கினால் போல்ட் பிழைக்கலாம். அறுத்தால் பிளேடு, புது போல்ட், புஷ் (போல்ட் நுழையும் ரப்பர் உறை) எல்லாம் வாங்கியாக வேண்டும்.

ஆபத்து: பெட்ரோல் டேங்கும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே இருக்கிற இடத்துக்குத் தீயைக் கொண்டுபோக எனக்கு மனசே வராது, ரப்பர் புஷ் வேறு கரும்புகையோடு எரியும், ஊற்றிய எண்ணெயும் பற்றிக்கொள்ளும். இரும்பு அறுக்கும் கிரைண்டரிலும் பொறி பறக்கும். ரெசிப்ரோ ரம்பத்தில் (பிளேடு முன்னும் பின்னும் ஓடும் மின்ரம்பம்) அது குறைவு, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் பிளேடும் நுழையும்.

நேரம்: அறுப்பதே வேகம்.

நட்டு மட்டும் இறுகியிருந்தால் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டுச் சூடாக்குங்கள். போல்ட்டே புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டியிருந்தால் சரி, ரம்பம்தான். புஷ்ஷை எப்படியும் மாற்றத்தானே போகிறீர்கள். புது போல்ட் அதே கிரேடில் (வலிமைத் தரத்தில்) இருக்கட்டும்.