கென்பாம் சந்தா: மூன்று மார்ச் மாதங்கள் பார்த்த பிறகு

2023 மார்ச் 17, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதத் தேசியப் போட்டியில் பர்டூ பல்கலைக்கழக அணி 63-58 என்று ஃபேர்லி டிக்கின்சனிடம் தோற்றது. தன் பிரிவின் பதினாறு அணிகளில் முதல் நிலையில் வைக்கப்பட்ட அணி கடைசியான பதினாறாம் நிலை அணியிடம் தோற்றது, ஆண்கள் போட்டி வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். நான் பர்டூவில் எம்.எஸ். படித்தவன், இப்போது இண்டியானாபொலிஸில் இருக்கிறேன். டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைத் திறந்து, பல வருடமாகத் தள்ளிப்போட்ட கென்பாம் என்ற புள்ளிவிவர இணையதளத்தின் சந்தாவைக் கட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பதில். 7 அடி 4 அங்குல சாக் ஈடியை வைத்திருக்கும் அணி, சராசரி உயரத்தில் நாட்டிலேயே கடைசி இடத்தில் இருக்கும் அணியிடம் எப்படித் தோற்கும்?

தெரியாதவர்களுக்காக: கென் பாமராய் அமெரிக்க வானிலைத் துறையில் வேலை பார்த்தவர். கல்லூரிக் கூடைப்பந்து அணிகளைக் கணக்குப் போட்டு வரிசைப்படுத்துவதை முதலில் ஓய்வுநேரத்தில் செய்துகொண்டிருந்தார், பிறகு அதுவே அவருடைய தொழிலாகிவிட்டது. சந்தா வருடத்துக்குச் சுமார் 25 டாலர். முதல் பக்கத்தில் உள்ள தரவரிசையை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு வீரருக்கும் உரிய உள்பக்கங்களுக்குத்தான் பணம்.

அடிப்படைக் கணக்கு எளிது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணியின் கைக்குப் பந்து சுமார் 68 முறை வரும். வேகமாக ஆடும் அணிக்குக் கூட, நிதானமாக ஆடும் அணிக்குக் குறைய. அதனால் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். 100 முறை பந்து கைக்கு வந்தால் எத்தனை புள்ளி எடுக்கிறார்கள், எத்தனை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்து, எதிரணியின் பலத்துக்கு ஏற்பத் திருத்தினால் உண்மை நிலவரம் தெரியும். சாம்பியன் ஆகிற அணிகள் பெரும்பாலும் இரண்டிலுமே முன்வரிசையில் இருக்கும். ஒன்றில் மட்டும் கெட்டிக்கார அணிகளை ஏதோ ஒரு ராத்திரியில் யாராவது மடக்கிவிடுகிறார்கள். பட்டத்துக்கு ஆறு ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும், ஒன்றில் சறுக்கினாலும் வீட்டுக்குத்தான்.

ஆனால் நான் இந்தச் சந்தாவை மதிப்பது தரவரிசைக்காக இல்லை, அணிப் பக்கத்தின் கீழே வரும் சில வரிகளுக்காக. சராசரி உயரம், பெஞ்சில் இருந்து வருபவர்கள் ஆடும் நிமிடங்கள், வீரர்களின் அனுபவம், அப்புறம் தொடர்ச்சி என்று ஒன்று: போன வருடம் ஆடியவர்களே இந்த வருடமும் எத்தனை சதவீத நிமிடங்கள் ஆடுகிறார்கள் என்ற கணக்கு. ஓர் அணியை மார்ச் மாதத்துக்காக எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்த வரிகளில் தெரிகிறது.

அன்றிரவு பர்டூவின் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். ஈடி 21 புள்ளி, 15 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. மற்றவர்களும் சேர்ந்து மூன்று புள்ளி ஷாட்டில் 26க்கு 5. பந்தை எதிராளியிடம் பறிகொடுத்தது 16 முறை. பந்தைக் கொண்டுவரும் பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லோயர் இருவரும் முதலாண்டு மாணவர்கள். குள்ளமான அணி ஈடிக்கு முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் நிறுத்திவிட்டு, பந்தைக் கொண்டுவரும் கார்டுகளைக் கோட்டுக்குக் கோடு துரத்தியது. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது: உயரத்தில் பர்டூவுக்குக் குறையே இல்லை. அழுத்தத்தில் பந்தைப் பத்திரமாகக் கொண்டுவர அனுபவமுள்ள ஒரு கை இல்லாததுதான் குறை.

பயிற்சியாளர் மேட் பெயின்டரும் அந்தக் குறையைத்தான் சரிசெய்தார் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம். அணியைக் கலைக்கவில்லை. ஈடி, ஸ்மித், லோயர் எல்லோரும் திரும்பி வந்தார்கள். வெளியிலிருந்து ஆரம்ப ஐவரில் சேர்ந்தது ஒரே ஒருவர், சதர்ன் இல்லினாயில் நான்கு வருடம் ஆடிவிட்டு வந்த லான்ஸ் ஜோன்ஸ். கென்பாமில் வீரர்களுக்கு ஒரு பத்தி உண்டு, அவர் களத்தில் இருக்கும்போது அணியின் வாய்ப்புகளில் எத்தனை சதவீதம் அவர் கையில் முடிகிறது என்று. ஐந்து பேர் சேர்ந்தால் நூறுதான், ஆளுக்குச் சராசரி இருபது. முப்பது கேட்கிற மூன்று பேரை ஒரே அணியில் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழைய கல்லூரியில் முக்கிய ஸ்கோரர்களில் ஒருவராக இருந்த ஜோன்ஸ், இங்கே ஈடிக்கும் ஸ்மித்துக்கும் பின்னால் நிற்கச் சம்மதித்து, எதிரணியின் சிறந்த கார்டைத் தடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். 2024ல் டெட்ராய்டில் டென்னசிக்கு எதிராக ஈடி 40 புள்ளி எடுத்த நாளில், கடைசி நிமிடங்களில் இடைவெளியைக் கூட்டிய மூன்று புள்ளி ஷாட் ஜோன்ஸ் போட்டது. 1980க்குப் பிறகு பர்டூ முதல்முறையாக இறுதி நான்கு அணிகளில் ஒன்றாக நுழைந்தது. எங்கள் வீட்டில் அன்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட் எங்களை 75-60 என்று வென்றது. வலித்தது, ஆனால் அணி கட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் அந்த கனெக்டிகட் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன். சீசன் முடிவில் தாக்குதலில் முதல் இடம், தடுப்பில் நான்காவது. முந்தைய வருடமும் அவர்களே சாம்பியன். அந்த அணியின் பெரிய பெயர்கள் சனோகோ, ஹாக்கின்ஸ், ஆண்ட்ரே ஜாக்சன் மூவரும் போய்விட்டார்கள். இருந்தும் கிளிங்கன், கரபான், நியூட்டன் மூவரையும் அடித்தளமாக வைத்து, ரட்கர்ஸில் இருந்து கேம் ஸ்பென்சரைக் கொண்டுவந்தார்கள், முதலாண்டு மாணவர் ஸ்டெஃபான் கேசலைச் சேர்த்தார்கள். நியூட்டனும் முன்பு ஈஸ்ட் கரோலினாவில் மூன்று வருடம் ஆடியவர்தான். பழைய ஆள், வாங்கிய ஆள், புது ஆள் மூன்றும் கலந்த ஐவர், ஆளுக்கு ஒரு தனி வேலை.

இறுதி ஆட்டத்தில் அந்தக் கலவை என்ன செய்தது என்று பாருங்கள். ஈடியைத் தடுக்க இரண்டாவது ஆளை அனுப்பவே இல்லை. கிளிங்கன் ஒருவர், அவர் உட்கார்ந்தால் சாம்சன் ஜான்சன் ஒருவர். ஈடி 37 எடுத்தார், எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். மற்ற நால்வரும் தத்தம் ஆளை விட்டு ஓரடி நகரவில்லை. சீசன் முழுக்க மூன்று புள்ளியில் 40 சதவீதத்துக்கு மேல் போட்ட பர்டூ அன்று எறிந்ததே ஏழு, விழுந்தது ஒன்று. 7 அடி 2 அங்குல கிளிங்கனை வைத்திருக்கிற அணிக்குத்தான் அப்படி ஆடத் துணிச்சல் வரும். அந்த ஒரு ராத்திரிக்கான ஆளை இரண்டு வருடம் முன்பே சேர்த்து வளர்த்திருக்கிறார்கள்.

2025 சாம்பியன் ஃப்ளோரிடாவின் பக்கமும் படிக்க வேண்டியது. முக்கிய கார்டுகள் மூவருமே சிறிய கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளில்) வளர்ந்தவர்கள்: ஐயோனாவில் இருந்து வால்டர் கிளேட்டன், பெல்மான்டில் இருந்து வில் ரிச்சர்ட், ஃப்ளோரிடா அட்லாண்டிக்கில் இருந்து அலைஜா மார்ட்டின். இடம் மாறினாலும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம் என்ற விதி 2021ல் வந்த பிறகுதான் இப்படிக் கட்டுவது சுலபமாயிற்று. ஆனால் கிளேட்டனும் ரிச்சர்டும் அந்தப் பட்டத்துக்கு முந்தைய வருடமே ஃப்ளோரிடாவில் சேர்ந்து ஆடியவர்கள். ஒரே கோடையில் எட்டுப் பேரை வாங்கிப்போட்டு மார்ச்சில் ஜெயிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். ஹூஸ்டனை 65-63 என்று வென்ற அந்த ஆட்டத்தில் கிளேட்டன் முதல் பாதியில் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. கடைசி நொடிகளில் ஷாட் போட எழும்பிய ஹூஸ்டனின் ஷார்ப்பின் முன்னால் பாய்ந்து வந்தவர் அதே கிளேட்டன். ஷார்ப் பந்தைக் கீழே விட்டுவிட்டார், மறுபடி தொட்டால் விதிமீறல் ஆகிவிடும். ஹூஸ்டனால் கடைசி ஷாட்டை எறியவே முடியவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். இது ஆட்டத்தில் நடந்ததை மட்டும் எண்ணும். காயம் இதற்குத் தெரியாது. நான் மாணவனாக இருந்தபோது, 2010 பிப்ரவரியில் எங்கள் நட்சத்திர வீரர் ராபி ஹம்மலின் முழங்கால் போனது. அன்று பர்டூ நாட்டின் மூன்றாவது இடத்தில் இருந்தது. எந்த அட்டவணையும் அடுத்த நாள் காலையில் அதை உணர்ந்திருக்காது, பர்டூவில் இருந்த எங்களுக்கு உடனே தெரிந்தது. இரண்டாவது, கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலான போர்ட்டலில் இருந்து ஒருவரை எடுத்தால் அடுத்த வருடம் அணி எப்படி மாறும் என்று ஆளை மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி இதில் இல்லை. அதற்கு பார்ட் டோர்விக்கின் தளம் இருக்கிறது, இலவசமாகவே. ஏப்ரல், மே மாதங்களில் நான் அதைத்தான் திறப்பேன். மூன்றாவது, தோற்றம். வெறும் எண்களின் கட்டம், செல்போனில் விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு இது பொருட்டில்லை, புதியவர்கள் பயந்துவிடலாம்.

ஆபீஸில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்கும் பிராக்கெட் போட்டியில் ஜெயிப்பதற்காக மட்டும் என்றால் இலவச முதல் பக்கமே போதும். நவம்பர் முதல் ஒரே அணியைத் தொடர்ந்து பார்க்கிறவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

2025 மார்ச்சில் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் பர்டூ - ஹூஸ்டன் ஆட்டத்துக்குக் கல்லூரி நண்பனோடு போயிருந்தேன். 60-60. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று ஹூஸ்டனின் உசான் பந்தை உள்ளே போடுகிறார். எல்லோர் கண்ணும் பந்தை வாங்கிய டக்லர் மேல். "டேய், உள்ள போட்டவனை விட்டுட்டாங்கடா!" என்று நண்பன் கத்துவதற்குள் பந்து உசானிடமே திரும்பி வந்து கூடைக்குள் போய்விட்டது. மிச்சம் 0.9 நொடி. 62-60. காரில் ஏறியதும் ஹூஸ்டனின் பக்கத்தைத்தான் திறந்தேன். உசான் ஓக்லஹோமாவில் இருந்து வந்தவர், கிரையர் பெய்லரில் இருந்து, ராபர்ட்ஸ் அங்கேயே ஆறு வருடம் இருந்தவர். வீடு வந்து சேரும்வரை அந்தப் பக்கத்தை மூடவில்லை. நண்பன்தான் ஓட்டினான்.