பண்டிகைப் பலகாரக் குறுக்கெழுத்து: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தீபாவளி நெருங்கும்போது வார இதழ்களிலும் தீபாவளி மலர்களிலும் பலகாரங்களின் பெயர்களையே விடைகளாகக் கொண்ட குறுக்கெழுத்துப் புதிர்கள் வரத் தொடங்கும். பல ஆண்டுகளாக அச்சிலும், அண்மைக் காலமாகக் கைப்பேசிச் செயலியிலும் அவற்றைத் தொடர்ந்து நிரப்பி வருகிறேன். பலகாரப் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதானே, இதில் புதிர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு பெயர் எந்த வடிவில் எத்தனை கட்டங்களில் அடங்கும் என்பதும், எந்தச் சொல்லோடு எந்த எழுத்தில் வெட்டிக்கொள்ளும் என்பதும் பெயரைத் தெரிந்துகொள்வதைவிடக் கடினம் என்பதே என் பட்டறிவு.

1913 டிசம்பர் 21 அன்று, கிறிஸ்துமஸை ஒட்டி, நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்துக்கு 26 ஆங்கில எழுத்துகளே மூலதனம். தமிழில் 247 எழுத்துகள். உயிர்மெய் ஒவ்வொன்றும் தனிக் கட்டத்தில் அமர்வதால், ஒரே எழுத்து இரண்டு பலகாரங்களில் அமைவது அரிது. அதோடு மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. க், ட் போன்ற வல்லின மெய்யில் முடியவும் செய்யாது. ஆகவே லட்டுவை ‘ட்’ கட்டத்தில் வெட்ட வேண்டுமானால், அந்த எழுத்தை நடுவில் வைத்திருக்கும் சொல்தான் உதவும். அதற்குத் தட்டை அழகாகப் பொருந்தும். இப்படி இனிப்பையும் காரத்தையும் வெட்டவைக்கும் கட்டத்தைக் கண்டால், அமைத்தவரின் உழைப்பு புரிந்துவிடும். பலகாரங்களை ஆங்காங்கே தனித்தனியாக மிதக்கவிட்டு, இடையில் ‘கண்’, ‘பசு’ என்று ஒட்டுப் போட்டிருந்தால் நான் பாதியிலேயே மூடிவைத்துவிடுவேன்.

வெட்டும் எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு புதிரில் நன்றாக உணர்ந்தேன். ‘பூரணத்தை மாவில் முக்கிப் பொரிப்பது (4)’ என்பது குறிப்பு. அம்மா சுழியம் என்றார். என் மாமியார் சுசியம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா சுகியம் என்றார். மூன்றுமே நான்கு எழுத்துகள், மூன்றிலும் இரண்டாம் கட்டம் மட்டுமே வேறுபடுகிறது. மேலிருந்து கீழாக வந்த ‘விழி’ அந்தக் கட்டத்தில் வந்து முடிந்த பிறகே அம்மாவுக்கு வெற்றி கிடைத்தது. மாமியார் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. மைசூர்பாகும் அப்படித்தான்: கடைசிக் கட்டத்தில் ‘கு’வா ‘க்’கா என்பதை வேறொரு சொல் வந்து தீர்மானிக்காவிட்டால், அந்தக் குறிப்பைக் குறையுள்ளதாகவே நான் கொள்வேன்.

குறிப்புகளின் தரத்தில் வேறுபாடு மிகுதி. ‘ஓர் இனிப்பு’, ‘ஒரு கார வகை’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘வெடித்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே பொரிப்பது (2)’ என்றால், அடுப்படியில் நின்றவர்களுக்குச் சீடை உடனே நினைவுக்கு வரும். இன்னும் நுட்பமானவை உண்டு: ‘அளவு மிஞ்சிய ரசம் இனிக்கும் (5)’ என்பதற்கு அதிரசம், ‘காதுக்குப் போலி, நாவுக்கு அசல் (2)’ என்பதற்கு, போகிப் பண்டிகையன்று தட்டும் போளி. நம் இதழ்களில் வரும் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் ஆகிய திசைகளும், எழுத்துகளைக் கலைத்துப் போடும் ‘குழம்பியுள்ளது’ என்ற குறிப்பும் முதலில் எரிச்சலூட்டினாலும், பெரிய சொற்களைக் கட்டத்துக்குள் அடக்க அமைப்பவருக்கு அவை தேவைப்படுகின்றன. இருந்தாலும், குழம்பிய சொற்கள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது சோம்பல் என்பேன்.

செயலிகளைப் பற்றி நல்ல விதமாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. நான் நெடுநாள் பயன்படுத்திய ஒன்றில், கொழுக்கட்டைக்கு ஆறு கட்டங்களுக்குப் பதிலாகப் பதினொன்று விட்டிருந்தார்கள். கணினிக் குறியீட்டில் கொ என்பது ககரமும் உயிர்க்குறியுமாக இரண்டு, க் என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு; நிரல் எழுதியவர் எழுத்தை எண்ணாமல் குறியீடுகளை எண்ணிவிட்டார். ஒரு கட்டத்தில் வெறும் ஒற்றைக்கொம்பு தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தார்கள். பின்னர் வந்த பதிப்பில் இது சரியானது. ஆனால் தவறான எழுத்தை அழிக்கும்போது குறி மட்டும் போய் அகர எழுத்து தங்கிவிடும் தொல்லை இன்னும் உண்டு. செயலியில் விடையை உடனே சரிபார்க்கலாம் என்பது வசதியே. அச்சிலோ விடைக்கு அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டும். தீபாவளி மலரானால் அடுத்த இதழே கிடையாது என்பதால், கடைசிப் பக்கத்தில் விடை தந்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகே நான் பென்சிலைச் சீவுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிறுவர் பகுதியில் வரும் சொல் தேடலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதில் பெயர்கள் முன்கூட்டியே பட்டியலாகத் தரப்பட்டிருக்கும். பெரியவர்களுக்கு ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். குறுக்கெழுத்தை மட்டும் முறுக்கு பிழிந்துகொண்டிருப்பவருக்கு அருகில் உட்கார்ந்து நிரப்புங்கள். மனகோலம், ஒக்காரை, பொரிவிளங்காய் போன்ற விடைகளுக்கு அகராதியைவிட அவர்கள் விரைவாகப் பதில் சொல்வார்கள்.