சவ்வை உடைப்பதா, கடப்பதா? கடல் தந்த புற்றுநோய் மருந்துகள்

புற்றுநோய் மருந்து என்றதும், அது செல்லுக்குள் எதைத் தாக்குகிறது என்றுதான் முதலில் கேட்போம். கடலிலிருந்து வந்த மருந்துகளை அருகருகே வைத்துப் பார்த்தால், செல் சவ்வை அவை எப்படிச் சமாளிக்கின்றன என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

சவ்வோடு நேரடியாக மோதுவது கஹலலைடு எஃப். ஹவாய்க் கடலில் பாசி தின்று வாழும், ஓடில்லாத நத்தை ஒன்றில் கிடைத்த பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, இது. ஒரு முனையில் கொழுப்பு அமில வால் இருப்பதால் கொழுப்பாலான சவ்வோடு ஒட்டிக்கொள்ளத் தோதானது. இது பட்ட செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், செல் உப்பி, உள்ளே குமிழ்கள் பெருகி, மைட்டோகாண்ட்ரியா வீங்கி, கடைசியில் சவ்வு கிழிகிறது. டி.என்.ஏ மட்டும் பெரிதாகச் சிதைவதில்லை. ஆய்வகத்தில் அசத்தியது, சரி. மனிதர்களிடம் அளவைக் கூட்டியபோது கல்லீரல் நொதிகள் ஏறின. மருந்தாக அங்கீகாரம் கிடைக்கவில்லை. சவ்வு இல்லாத செல் உடம்பில் ஏது? இந்த வழியில் எனக்கு நம்பிக்கை குறைவுதான்.

சைட்டராபின் சவ்வை உடைப்பதில்லை. கடற்பஞ்சில் கிடைத்த நியூக்ளியோசைடுகளை (டி.என்.ஏ-வைக் கட்டும் கூறுகள் போன்றவை) பார்த்து உருவாக்கப்பட்டு, 1969-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தப்புற்றில் இன்றும் உழைக்கிறது. நியூக்ளியோசைடுகளை உள்ளே விடும் கடத்திப் புரதம் வழியாகவே இதுவும் நுழைகிறது. உள்ளே போனதும் பாஸ்பேட் ஏறி மின்னூட்டம் பெறுவதால், சவ்வைக் கடந்து எளிதில் வெளியேற முடியாது. கடத்தி குறைந்த புற்றுசெல்லில் வழக்கமான அளவு எடுபடாது. அளவை வெகுவாக உயர்த்தினால் கடத்தியை நம்பாமல் ஊடுருவிப் போகும்; பக்கவிளைவும் சேர்ந்தே கூடும்.

சுவாரசியமான போட்டி எம்எம்ஏஈ, எம்எம்ஏஎஃப் என்ற ஆரிஸ்டாட்டின் வகை மருந்துச் சகோதரர்களுக்குள் நடப்பது. இருவருக்கும் மூலம் கடல் முயல் என்ற நத்தையினத்தில் கிடைத்த டோலாஸ்டாட்டின் 10. அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்ததில் தேறவில்லை. அப்புறம்தான் அதன் செயற்கை வடிவங்களை ஆன்டிபாடியில் கட்டி அனுப்பினார்கள். ஆன்டிபாடி புற்றுசெல்லின் மேற்பரப்புக் குறியைப் பிடிக்கும். சவ்வு உள்மடிந்து சரக்கைச் செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குக் கொண்டுபோகும். அங்கே மருந்து விடுபட்டு, செல் பிரியத் தேவையான நுண்குழல்களைக் குலைக்கும்.

வேறுபாடு அதற்குப் பிறகு. 2011-இல் அனுமதி பெற்ற பிரென்டக்சிமாப் வெடோடினில் இருப்பது எம்எம்ஏஈ. இது சவ்வைக் கடந்து வெளியேறி அண்டைச் செல்களையும் கொல்லும். ஹாட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டியில், இந்த ஆன்டிபாடி பிடிக்கும் சிடி30 குறியுள்ள புற்றுசெல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடக்கும் என்பதால், இந்தக் கசிவு அங்கே ஒரு வசதி. எம்எம்ஏஎஃப்பின் முனையில் மின்னூட்டமுள்ள கார்பாக்சில் தொகுதி இருக்கிறது. அதனால் தனியாக விட்டால் செல்லுக்குள் நுழையவே திணறும். ஆன்டிபாடி உள்ளே கொண்டுபோய்விட்டால் அங்கேயே தங்கிவிடும்.

அப்படியானால் எம்எம்ஏஎஃப்தான் பாதுகாப்பா? அதைச் சுமக்கும் பெலன்டமாப் மாஃபோடோடின் கருவிழியைப் பாதித்துப் பார்வையை மங்கச் செய்கிறது. எம்எம்ஏஈ நரம்புகளைப் பாதித்துக் கைகால்களை மரத்துப்போக வைக்கிறது. குறி திட்டுத்திட்டாக இருக்கும் கட்டிக்கு நான் எம்எம்ஏஈ பக்கம். எல்லாச் செல்லிலும் குறி இருந்தால் எம்எம்ஏஎஃப்பை யோசிக்கலாம், கண் பரிசோதனையைத் தவறவிடாமல்.