டேங்க் வெல்டிங் என்று சொல்லி 420 பவுண்டு வாங்கிப் போனார், பூசியது வெறும் பசை: மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி) வைத்திருக்கிற நம்மவர்களுக்காக அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் டேங்கில் விழுந்த விரிசலுக்குப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்து தருகிறேன் என்று ஒருவர் 420 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். பதினோராம் நாள், அதாவது நேற்றுச் சாயங்காலம், அந்த வெல்டிங் மொத்தமும் விரல் நகத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. அது வெல்டிங்கே இல்லை.

டேங்க் 100 லிட்டர். உள்ளே பெஞ்சுக்கு அடியில், சக்கர வளைவை ஒட்டி உட்காருவது. கசிவு எங்கே என்று ஆளைக் கூப்பிடும் முன்பே பார்த்தாகிவிட்டது. ஏனென்றால் பல நேரம் டேங்கில் ஓட்டையே இருக்காது. தண்ணீர் வெளியேறும் இணைப்பின் ரப்பர் வாஷர், டிரெயின் மூடியின் ஓ-ரிங், பம்புக்குப் போகிற ஹோஸின் கிளிப், இதில் ஏதாவது ஒன்றுதான் ஒழுகிக்கொண்டிருக்கும். எல்லா இணைப்பையும் துடைத்து, டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, டேங்கை நிரப்பி ஒரு ராத்திரி விட்டோம். காலையில் இணைப்புகளில் சுற்றியதெல்லாம் காய்ந்தே இருந்தது. அடி மூலையில் வைத்தது மட்டும் ஊறிப்போயிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு கோடு, 7 செ.மீ. நீளம். காரணமும் கண்ணில் பட்டது. அந்த மூலைக்கு அடியில் மட்டும் பலகை இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. ஒவ்வொரு குழியிலும் வண்டி தூக்கிப்போடும்போது அந்த மூலை வளைந்து வளைந்து நிமிர்ந்திருக்கிறது.

புது டேங்க் போட்டிருக்கலாமே என்பீர்கள். சக்கர வளைவுக்கு இடம் விட்டு வார்த்தது அது. ரெடியாகக் கிடைக்கிற சதுர டேங்க் அங்கே உட்காராது. அதே அச்சில் வார்த்தது 210 பவுண்டு, ஏழு வாரம் ஆகும் என்றார்கள். விடுமுறைக்குள் வண்டி வேண்டும். அதனால்தான், வீட்டுக்கே வந்து வேலை செய்கிறவர்களைப் பிடித்துத் தரும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஆள் தேடியது.

வந்தவர் குனிந்து, டேங்கின் பக்கத்தில் வார்த்திருந்த முக்கோணக் குறியைத் தேடி, அதற்குள் இருந்த 2 என்ற எண்ணைக் காட்டினார். “இது பாலிஎத்திலீன். எந்தப் பசையும் இதில் நிற்காது. உருக்கித்தான் சேர்க்க வேண்டும்” என்றார். சாதாரணப் பசைகளைப் பொறுத்தவரை அத்தனையும் உண்மை. பாலிஎத்திலீன் மெழுகு மாதிரி. எபாக்சி, சிலிக்கான், பாலியூரிதேன் சீலன்ட் எதைப் பூசினாலும் மேலே படிந்திருக்குமே தவிரப் பிடிக்காது. இதைச் சொல்லத் தெரிந்த ஆள் என்றதும் இருந்த சந்தேகமெல்லாம் போய்விட்டது. பெட்டியைத் திறந்து சூடான காற்று அடிக்கிற வெல்டிங் கன்னைக் காட்டினார், விரிசலில் உருக்கி நிரப்புகிற பிளாஸ்டிக் ராடு கட்டுக் கட்டாகக் காட்டினார். 460 பவுண்டு, தளம் வழியாகக் கட்டாமல் நேராக அவர் கணக்குக்கு அனுப்பினால் 420 என்றார். அதற்குத் தலையாட்டியதுதான் பெரிய தப்பு. முதலில் 150, முடிந்ததும் 270.

டேங்கைக் கழற்றித் தன் பட்டறைக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவந்து மாட்டினார். விரிசல் இருந்த இடத்தில் கறுப்பாக, வழவழவென்று ஒரு பட்டை. “வெல்டிங்குக்கு மேலே ஒரு பூச்சு கொடுத்திருக்கிறேன், கூடுதல் பாதுகாப்பு” என்றார். கால் டேங்க் தண்ணீர் விட்டு, ஐந்து நிமிஷம் பார்த்து, மிச்சப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் முழுசாக நிரப்பினால் அதே மூலையில் ஈரம். போன் செய்தால், “72 மணி நேரம் காய விட்டிருக்க வேண்டும், வடித்துவிட்டு நாலு நாள் பொறுங்கள்” என்கிறார். அப்போதே உறைத்திருக்க வேண்டும்: வெல்டிங்குக்குக் காயும் நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது, ஆறினால் முடிந்தது. காய வேண்டியது பசைதான். ஏழாம் நாள் மறுபடி நிரப்பினோம், மறுபடி ஒழுகியது. இந்தத் தடவை, “ஹோஸைச் செருகி வேகமாக நிரப்பியிருப்பீர்கள், காற்றுக் குழாய் அடைத்து டேங்க் உப்பியிருக்கும்” என்றார். காற்றுக் குழாய் அடைத்தால் டேங்க் உப்பி வெடிப்பது உண்மைதான். ஆனால் எங்கள் குழாயில் ஊதினால் காற்று தாராளமாகப் போகிறது, நிரப்பும்போதும் அதன் வழியாகக் காற்று வெளியே வந்தது. அதைச் சொன்னதும் பேச்சு நின்றது. ஒன்பதாம் நாள், “அது வேறு விரிசலாக இருக்கும்” என்று ஒரு வரி மெசேஜ். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை.

தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் அறிமுகம் செய்து வைப்பவர்கள் மட்டும் என்று பதில். இன்னொரு முறை எழுதினால், வேலை முடிந்த ஏழு நாளுக்குள் புகார் தந்திருக்க வேண்டுமாம். நாலு நாள் பொறுக்கச் சொன்னது அவர்கள் அனுப்பிய ஆள்! மூன்றாவதாக எழுதியதற்குப் பதிலே இல்லை, புகாரை மூடிவிட்டார்கள். 420 பவுண்டு.

நேற்று அந்தப் பட்டையின் ஓரம் லேசாக எழும்பியிருந்தது. நகத்தை விட்டு இழுத்தால், ஆறிய பாலில் ஆடை வருகிற மாதிரி ஒரே துண்டாக வந்தது. திருப்பிப் பார்த்தால் டேங்கின் பளபளப்பு அப்படியே அச்சாகப் பதிந்திருக்கிறது. பூசும் முன் சுரண்டக்கூட இல்லை. கீழே எபாக்சி, மேலே ஏதோ சீலன்ட். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது! குடிநீருக்கு ஏற்றதா என்றே தெரியாத ஒரு சீலன்டை அதற்குள் கசிய விட்டிருக்கிறார்.

உண்மையான வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், வருகிற ஆளிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டேங்க் கழுவி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். விரிசலுக்குள் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகிக் குமிழி விடும், அடுத்த கசிவு அங்கேதான். விரிசலின் இரண்டு முனையிலும் 3 மி.மீ. துளை போட வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற முனையைவிடக் கொஞ்சம் தள்ளியே போட வேண்டும். இரண்டு பக்கமும் 15 மி.மீ. அகலத்துக்குப் பழைய மேல்தோலைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். கோட்டின் மேல், சுவர் கனத்தில் முக்கால்வாசி ஆழத்துக்கு ‘வி’ வடிவப் பள்ளம் எடுக்க வேண்டும்.

ராடு அதே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். பாலிஎத்திலீன் டேங்கில் பாலிப்ரொப்பிலீன் ராடு உருகிப் படியும், சேராது. பாலிஎத்திலீனுக்குக் காற்று ஏறக்குறைய 300 டிகிரி. ராடும் பள்ளமும் ஒரே நேரத்தில் பளபளவென்று உருக வேண்டும், ராடை அழுத்தும்போது இரண்டு ஓரத்திலும் மெல்லிய வரப்பு பிதுங்க வேண்டும். பழுப்பானால் கருகிவிட்டது. தானாக ஆற விட வேண்டும், தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும். சரியான வெல்டை நகத்தால் பெயர்க்க முடியாது, செதுக்கித்தான் எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, மூலைக்கு அடியில் பலகை கொடுக்காமல் விட்டால் மறுபடி வெடிக்கும். அந்த ஆள் அந்த மூலையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

விவரமாக யோசனை சொல்லத்தான் உட்கார்ந்தேன், கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, அதனால் சுருக்கமாக. ராடையும் கன்னையும் பார்த்து நம்பிவிடாதீர்கள். முதலில் டேங்கின் ஒரு ஓரத்தில் ஒரு அங்குலம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், ஆறியதும் குறடால் இழுத்துப் பாருங்கள், பெயர்ந்தால் அனுப்பிவிடுங்கள். வெல்டின் மேல் எந்தப் பூச்சும் வேண்டாம் என்று சொல்லுங்கள். முழு டேங்க், 24 மணி நேரம், அதற்குப் பிறகுதான் மிச்சப் பணம்.

பேங்க் டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம். 100 பவுண்டுக்கு மேல் என்றால் வேலை செய்கிறவரிடமே நேரடியாக கிரெடிட் கார்டில் கட்டுங்கள், 1974-ஆம் வருஷ நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் கார்டு கம்பெனியும் பொறுப்பு. எங்களுக்கு அந்த வழி போய்விட்டது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, திரும்பச் செய்து கொடு அல்லது பணத்தைக் குறை என்று 14 நாள் கெடு வைத்து இன்று கடிதம் போடுகிறோம், பிறகு சிறு வழக்கு நீதிமன்றம்.

பெயர்ந்து வந்த பட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். அடிப்பலகை நன்றாகக் காயும்வரை பெஞ்சை மூடாதீர்கள்.