விபத்துக்குப் பின் குழந்தை மனம்: கவனித்துக் காத்திருப்பதா, சிகிச்சை தொடங்குவதா?

சாலை விபத்தில் அடிபட்ட குழந்தைக்கு முதல் வாரங்களில் கெட்ட கனவு, திடுக்கிடல், அம்மாவை விட்டு நகர மறுப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்புவது எல்லாம் வரலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இவை தாமாகவே தணியும். அதனால் முதல் மாதம் கவனித்துக் காத்திருப்பதே பெரும்பாலும் பொருத்தம்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. தூக்கம், சாப்பாடு, பள்ளி மூன்றையும் கூடியவரை பழைய நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டு மாற்றும் முன்பே வலி மருந்து கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அடங்காத வலி பயத்தையும் வளர்க்கும். குழந்தை கேட்டால் நடந்ததை எளிய சொற்களில் உண்மையாகச் சொல்லலாம். "அதைப் பேசாதே" என்று அடக்குவதும் தவறு, ஆஸ்பத்திரியிலேயே உட்காரவைத்து முழுக்கச் சொல்லவைப்பதும் தவறு.

ஒரு மாதம் கடந்தும் கனவு, சாலையைத் தவிர்ப்பது, விபத்தையே திரும்பத் திரும்ப விளையாடுவது நீடித்தால் அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. அப்போது அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது பயத்தைத் தூண்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சு, பயிற்சி வழியாக மாற்றும் சிகிச்சை, தேவை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2018 வழிகாட்டியில் இதற்கு வழக்கமாக 6 முதல் 12 அமர்வுகள் என்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்கு அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனப் பாதிப்புக்கு (PTSD) மருந்து தர வேண்டாம் என்கிறது. சிகிச்சை படிப்படியாகப் போகும்: முதலில் மூச்சுப் பயிற்சி, பிறகு நடந்ததை வரைந்தோ சொல்லியோ கோவையாக்குதல், அடுத்து நின்றிருக்கும் வண்டியில் உட்காருதல், கடைசியில் தெருமுனை வரை ஒரு சவாரி. படிகளைத் தாவினால் பயம் கூடிவிடலாம். பெற்றோரும் விபத்தில் இருந்திருந்தால் அவர்கள் மனநிலையையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.